பழைய பிக்கப்பின் மைலேஜ்: முதல் பணத்தை எதில் போடுவது?

லிட்டருக்கு 6 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 7-க்குக் கொண்டுவருவதும், 12 ஓடும் வண்டியை 13-க்குக் கொண்டுவருவதும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டியில் கிட்டத்தட்ட 24 லிட்டர் மிச்சமாகிறது. இரண்டாவதில் ஆறரை லிட்டர்கூட இல்லை. 2008-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ‘சயன்ஸ்’ இதழில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: காலனுக்கு இத்தனை மைல் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் மிச்சத்தைத் தவறாக எடைபோடுகிறார்கள். பழைய பிக்கப் வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. அதிகம் குடிக்கிற வண்டியில்தான் சின்னத் திருத்தத்துக்கும் பெரிய பலன் உண்டு.

எந்தத் திருத்தம் என்பதில்தான் குழப்பம். டியூனிங் செய், டயரை மாற்று, பின்தொட்டிக்கு மூடி போடு, கியர்பாக்ஸை மாற்று, பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டு, பேசாமல் வண்டியை விற்றுவிடு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல நிலையில் இருந்தபோது கொடுத்த மைலேஜில் இன்று எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மீட்பதற்கே முதல் பணம் போகவேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும், வண்டியையே மாற்றுவதும் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

ஒவ்வொரு யோசனையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுக்கும் பிக்கப், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 1,430 லிட்டர் பிடிக்கும். ஒரு சதவீதம் குறைந்தால் 14 லிட்டர் மிச்சம். எந்த வேலையாக இருந்தாலும், அதற்கு ஆகும் செலவு எத்தனை லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்று முதலில் கேளுங்கள். அந்த லிட்டரை மீட்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதும், அத்தனை ஆண்டுகள் இந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்பதும் அடுத்த இரண்டு கேள்விகள்.

அளக்காமல் எதையும் தொடவேண்டாம். டேங்கை நிரப்புங்கள், குழாய் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு டேங்கின் கணக்கை நம்ப முடியாது. சுமை, வெயில், போக்குவரத்து என்று நாளுக்கு நாள் மாறும் காரணங்களே பல சதவீதத்தைத் தூக்கும், இறக்கும். மூன்று நான்கு டேங்குகளின் சராசரி வேண்டும். வண்டியில் முன்பிருந்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. 235/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயரைப் போட்டால் விட்டம் 787 ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 7 சதவீதம் கூடுதலாக உருள்கிறது. ஓடோமீட்டர் பழைய கணக்கையே காட்டுகிறது. மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்துகிறவர்களில் சிலருக்கு விழுந்ததில் ஒரு பகுதி ஓடோமீட்டரில்தான் விழுந்திருக்கும். ஜி.பி.எஸ். தூரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

பழுதை நீக்குவது

மற்ற எல்லா யோசனைகளையும்விட இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன். மிச்சமும் இங்கேதான் அதிகம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, டியூனிங் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மைலேஜ் கூடும். வேலை செய்யாத ஆக்சிஜன் சென்சார் போன்ற கடும் பழுதை நீக்கினால் 40 சதவீதம் வரைகூடக் கூடலாம். நம் அளவுகோலில் 4 சதவீதம் என்பது ஐம்பத்தைந்து லிட்டர் சொச்சம். 40 சதவீதம் கூடினால் நானூறு லிட்டர் மிச்சம். இந்தப் பட்டியலில் வேறு எந்த வேலையும் அந்த உயரத்தைத் தொடுவதில்லை.

எங்கே தேடுவது என்பது என்ஜினைப் பொறுத்தது. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியானால் ஆக்சிஜன் சென்சார் முதல் சந்தேக நபர். புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சென்சார், கலவை அடர்த்தியா நீர்த்ததா என்பதை 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மேலும் கீழும் ஆடிச் சொல்கிறது. வயதானால் ஆட்டம் மந்தமாகும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி தன் காதை நம்ப முடியாமல் எரிபொருளைக் கூட்டிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கணினியின் கணக்குகளை வெளியிலிருந்து படிக்க உதவும் ஓ.பி.டி.-2 இணைப்பு உள்ள வண்டிகளில் (அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கு 1996 மாடலிலிருந்து அது கட்டாயம்) ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகி, நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணினி வழக்கமான அளவோடு எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று பாருங்கள். கூட்டலோ கழித்தலோ பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. கழித்தல் பதினைந்து, இருபது என்று காட்டினால், எங்கிருந்தோ கூடுதலாக வரும் எரிபொருளைக் கணினி குறைக்கப் பாடுபடுகிறது என்று பொருள்: ஒழுகும் இன்ஜெக்டர், எகிறிய எரிபொருள் அழுத்தம். கூட்டல் பக்கம் ஏறியிருந்தால் காற்றுக் கசிவு, அழுக்கேறிய காற்றோட்டச் சென்சார், பொய் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றில் ஒன்று. உதிரிபாகத்தை வாங்கிப் போட்டுப் பார்க்கும் முன் இந்த ஓர் எண்ணைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று தெர்மோஸ்டாட். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் என்ஜின் சூடேறுவதே இல்லை. வண்டி சூடாகி நின்றுவிட்டால் ஓட்டுநர் உடனே பட்டறைக்கு ஓடுவார். குளிர்ந்தே ஓடினால் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணினியின் கண்ணில் அந்த என்ஜின் இன்னும் காலையில் கிளப்பிய என்ஜின்தான். அடர்த்தியான கலவையையே கொடுத்துக்கொண்டிருக்கும். எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில், என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கலை நிறுத்திப் பூட்டிக்கொள்ளவும் மறுக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் வெப்பமுள் அதன் வழக்கமான இடத்துக்கு வரவில்லையென்றால் ஒரு தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் கொஞ்சம் கூலண்ட்டும் போதும். செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு. சோக் முழுதாகத் திறக்கிறதா, மிதவையின் மட்டம் சரியா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கிறது, மைலேஜைக் குறைப்பதில்லை என்று காட்டியது. கார்புரேட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. காற்று குறைந்தால் கலவை அடர்த்தியாகிவிடும். ஆகவே ‘ஃபில்டரை மாற்று, மைலேஜ் கூடும்’ என்ற பழைய அறிவுரை பழைய வண்டிக்கு இன்னும் செல்லும்.

கார்புரேட்டர் வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ். சமவேகத்தில் லேசாக மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்து, மெதுவாக எரிகிறது. அதனால் தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டையான டப்பாவும் அதற்குள் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வும். சவ்வு கிழிந்தாலும் வண்டி கிளம்பும், ஓடும், இழுக்கும். நெடுஞ்சாலை மைலேஜ் மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். என்ஜினை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, அந்த டப்பாவுக்கு வரும் மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் பக்கம் பிடுங்கி, நுனியைத் துடைத்து வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே உள்ள தட்டு கொஞ்சம் திரும்பவேண்டும். நுனியை நாக்கால் அடைத்தால் திரும்பிய இடத்திலேயே நிற்கவேண்டும். காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தால் சவ்வு போய்விட்டது.

டீசல் பிக்கப்பில் புகைதான் சாட்சி. சுமை ஏற்றாமல் சமவேகத்தில் போகும்போதும் கறுப்புப் புகை வந்தால் எரியாத டீசல் வெளியே போகிறது. ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் விரிசல், இன்ஜெக்டர் நாசில், பம்ப் டைமிங் என்ற வரிசையில் போனால், செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போனதாகவும் ஆகும்.

எல்லா வண்டிக்கும் பொதுவானது பிரேக். பல ஆண்டுகள் ஓடிய காலிப்பர் ஊசிகள் துருவேறிச் சிக்கிக்கொள்ளும். பின்சக்கர டிரம்மில் ஹேண்ட்பிரேக் கம்பி முழுதாகத் தளராமல் நிற்கும். நல்ல சாலையில் சிறிது தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம் நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டிருக்கிறது. மைலேஜுக்காக மட்டுமல்லாமல், உயிருக்காகவும் செய்யவேண்டிய வேலை இது.

வேகமும் வலது காலும்

செலவே இல்லாத யோசனை இது என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கடைப்பிடிப்பவர்கள் குறைவு. அமெரிக்க எரிசக்தித் துறை, முரட்டு ஓட்டத்தால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜ் குறையும் என்கிறது. பழுது நீக்குவதோடு தோளுக்குத் தோள் நிற்கக்கூடிய ஒரே யோசனை.

பிக்கப்புக்கு வேகம் இன்னும் முக்கியம். உயரமான முகமும் திறந்த முதுகும் கொண்ட வண்டி அது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 110-இல் போகிறவர் 90-க்கு இறங்கினால் காற்று எதிர்க்கும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நூறு கிலோமீட்டர் பயணத்தில் அதற்குக் கொடுக்கும் விலை பன்னிரண்டு நிமிடம். 1974-இல் எண்ணெய் நெருக்கடிக்கு நடுவே அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வைத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மிச்சம் என்று நம்புகிறவர்கள் நிறைய. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது நேர்மாறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்காகக் கொடுத்தே ஆகவேண்டும். என்ஜின் பிரேக்கும் போய்விடுவதால், சுமையோடு இறங்கும் பிக்கப்பில் அது ஆபத்தும்கூட. நகரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுங்கள். பிரேக்கில் வெப்பமாகப் போவது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகம்.

தொட்டியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கருவிப்பெட்டி, கயிறு, சங்கிலி, மணல் மூட்டை ஆகியவற்றை இறக்கி வையுங்கள். 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பது சராசரிக் கணக்கு. கனமான பிக்கப்பில் கொஞ்சம் குறையும். நகர ஓட்டத்தில் பலன் அதிகம், சமவேகத்தில் குறைவு.

டயர்

காற்றழுத்தத்துக்கு நான் பெரிதாக வாக்குக் கொடுக்கமாட்டேன். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் குறைகிறது. பத்து பவுண்டு குறைவாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நேராக்கினால் 2 சதவீதம், அதாவது 28 லிட்டர். காற்றுப் பிடிக்க ஆகும் செலவுக்கு அது மிக நல்ல பேரம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, பரிந்துரை அல்ல. சுமை ஏற்றும்போதும் வெறுமனே ஓடும்போதும் பின்டயருக்கு இருவேறு அளவுகள் கொடுத்திருப்பார்கள் என்பதையும் கவனியுங்கள்.

டயரையே மாற்றுவது வேறு கேள்வி. உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் குறையும். நன்றாக இருக்கும் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு மைலேஜ் டயர் வாங்குவது எந்த ஆண்டுக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. தேய்ந்து மாற்றவேண்டிய வேளை வரும்போது தேர்வு உங்கள் கையில். சேற்றுக்குப் போகாத வண்டியில் கட்டம் கட்டமாகப் பல் வைத்த அகல டயர் வேண்டாம். தயாரித்தவர் சொன்ன அளவிலேயே, சாலைக்கான பட்டை கொண்டதை வாங்குங்கள். வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டிருப்பவர் பழைய உயரத்துக்கு இறக்கினால், எடையிலும் காற்றிலும் கியர் விகிதத்திலும் ஒரே நேரத்தில் லாபம்.

நான்கு சக்கர இழுவை உள்ள பழைய வண்டிகளில் முன்சக்கர ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கும் வசதி இருந்தால், தார்ச்சாலையில் அதைத் திறந்து வைத்திருங்கள். முன் அச்சும் டிஃபரன்ஷியலும் வீணாகச் சுழல்வது நிற்கும்.

பின்தொட்டிக்கு மூடி

பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையில்லாமல் போகும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தேங்கி நிற்கிறது. கேபினுக்கு மேலே வரும் காற்று அந்தச் சுழலின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கதவைத் திறந்தால் சுழல் கலைகிறது. ஆகவே கதவை மூடியே வையுங்கள்.

தட்டையான மூடி போடுவது உண்மையிலேயே பலன் தரும், நெடுஞ்சாலையில் மட்டும். நல்ல வேகத்தில் சில சதவீதம் எதிர்பார்க்கலாம். 3 சதவீதம் என்று வைத்து, பத்தாயிரமும் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் என்றே வைத்தாலும் சுமார் 40 லிட்டர். பாதி நகர ஓட்டம் என்றால் இருபது. மடக்கும் துணி மூடி சில ஆண்டுகளில் தன் விலையை மீட்கலாம். கனமான ஃபைபர் மூடிக்குத் தன் எடையையே சுமக்கவேண்டியிருக்கிறது. சரக்கு நனையாமல் இருக்கவேண்டும், திருடு போகக்கூடாது என்ற காரணங்கள் உங்களுக்கு இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். மைலேஜை அதன்மேல் கொசுறாக எடுத்துக்கொள்ளலாம். மைலேஜ் ஒன்றுக்காகவே என்றால் என் பரிந்துரை இல்லை.

கியர்பாக்ஸ் மாற்றம்

மூன்று வேக ஆட்டோமேட்டிக், அல்லது நான்கு வேக மேனுவல், அதாவது ஓவர்டிரைவ் (என்ஜினைவிடப் புரொப்பல்லர் தண்டு வேகமாகச் சுழலும் மேல் கியர்) இல்லாத வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தப் பகுதி. நேர் கியரில் என்ஜினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4 கியர்பாக்ஸின் கடைசிக் கியர் விகிதம் 0.70. அதே சாலை வேகத்தில் என்ஜின் 30 சதவீதம் மெதுவாகச் சுழலும். எரிபொருள் அதே அளவு குறைந்துவிடாது; காற்றைத் தள்ளும் வேலை அப்படியே இருக்கிறது, உராய்வும் காற்றை உறிஞ்சும் சுமையும்தான் குறைகின்றன. இருந்தாலும், பழுதெல்லாம் நீக்கிய பிறகு நெடுஞ்சாலை மைலேஜைக் கண்ணுக்குத் தெரிய உயர்த்தக்கூடிய பெரிய வேலை இது ஒன்றுதான். சத்தம் குறையும், என்ஜின் ஆயுளும் கூடும்.

ஆனால் புரொப்பல்லர் தண்டின் நீளம், பின்தாங்கி, ஸ்பீடோமீட்டர் கியர், கூலர் குழாய் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில், ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஓட்டுகிறவர், வண்டியை இன்னும் பல ஆண்டுகள் விடுவதாக இல்லாதவர், கியர்பாக்ஸை எப்படியும் கழற்றிப் பழுது பார்க்கவேண்டிய நிலையில் இருப்பவர்: இந்த மூன்றும் ஒருவரே என்றால் செய்யலாம். டிஃபரன்ஷியலில் 4.10 விகிதப் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு 3.55 போடுவதும் இதே வகைதான். சுமை இழுக்கிற வண்டியில் அது வேண்டவே வேண்டாம்; ஏற்றத்தில் கீழ்க் கியரிலேயே கிடந்து, மிச்சப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

குழாயில் காந்தம், காற்றுக் குழாயில் சுழல் தகடு, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் ஊட்டும் பெட்டி இவற்றுக்கு ஒரு பத்தி போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மதிப்பிட்டும் சோதித்தும் பார்த்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய ஒன்றைக்கூட அது காணவில்லை. ஹைட்ரஜன் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பது ஆல்டர்னேட்டர், ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது அதே என்ஜின். ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு. கூடிய ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான்: கையேடு கேட்காத என்ஜினுக்கு அதனால் ஆதாயம் இல்லை. எல்.பி.ஜி.க்கு மாறுவது வேறு கணக்கு. லிட்டருக்கு ஆற்றல் நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால் லிட்டர் கணக்கில் மைலேஜ் குறையும். விலை வித்தியாசம்தான் லாபத்தைத் தீர்மானிக்கும்.

விற்றுவிட்டு வேறு வாங்குவது

இந்த முடிவில்தான் கணக்கு அடிக்கடி தவறாகப் போடப்படுகிறது. இன்று 7 கொடுக்கும் வண்டியை விற்று, 11 கொடுக்கும் வண்டியை வாங்கினால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 1,430 லிட்டர் 910 ஆகிறது. 520 லிட்டர் மிச்சம். எண் கவர்ச்சியானதுதான். ஆனால் இருக்கிற வண்டியின் பிரேக்கும் தெர்மோஸ்டாட்டும் சென்சாரும் சரியாகி, வேகமும் கொஞ்சம் இறங்கி, அது 8.5 கொடுக்கத் தொடங்கினால் 1,180 லிட்டர்தான் பிடிக்கும். ஏறக்குறைய பாதி மிச்சம் வந்தாகிவிட்டது. புதிய வண்டி கூடுதலாகத் தருவது 270 லிட்டர். அதை வைத்துத்தான் வண்டியின் விலையையும் காப்பீட்டையும் தவணையையும் நியாயப்படுத்த முடியுமா என்று பார்க்கவேண்டும். ஆண்டுக்கு ஐந்தாயிரம் ஓட்டுகிறவருக்கு அது வெறும் 135 லிட்டர். ஓட்டும் பாணியைப் புதிய வண்டிக்கும் அப்படியே கொண்டுபோவீர்கள் என்பதால், அதன் 11-உம் சமதரையில் நிதானமாக ஓட்டியவரின் 11-ஆக இருக்கக்கூடும்.

ஆண்டுக்கு முப்பதாயிரம் ஓட்டுகிறவருக்கு அந்த 270 லிட்டர் எண்ணூறு ஆகிறது. அவர் விற்பதே சரி. மூடிக்கும் கியர்பாக்ஸுக்கும் பணம் போடும் முன்பே விற்பது இன்னும் சரி. அடிச்சட்டம் துருவேறி, ஸ்பிரிங் பட்டைகள் பிடித்திருக்கும் இடத்தில் சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது என்றாலும் அப்படியே. அந்த வண்டிக்கு மைலேஜ் கணக்கே தேவையில்லை. தெர்மோஸ்டாட்டுக்குக்கூடச் செலவழிக்காமல் ஓரங்கட்டிவிடுங்கள். இந்த இரண்டிலும் சேராதவர்கள் ஸ்கேனரையோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையோ கையில் எடுத்து வேலையைத் தொடங்கலாம்.